இடதுகைத் துப்பாக்கியின் விலை

“இதுல சுட்டா மட்டும் மானு சந்தோசமாச் சாவுமாக்கும்?” என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார், சிரித்து முடித்ததும் குரங்குக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். கடைக்குள் ஹீட்டர் கொதிக்கிறது, இவருக்கு இன்னும் குளிர்கிறதாம். செங்கோட்டுவேலு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டான். வாயைத் திறந்தால் என்ன வந்து விழும் என்று அவனுக்கே தெரியாது. மேசைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டு துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திவிட்டு, கடைக்காரப் பெண் ஹேசல் அவனுடைய உரிம அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். பதிவேட்டில் சரிபார்த்து வரக் கால் மணியாகும், சனிக்கிழமைக் கூட்டம், அதற்குள் எது வேண்டுமென்று முடிவு பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முடிவு பண்ணவாம். ஒரே கம்பெனி, ஒரே குழல், ஒரே தோட்டா. ஒன்றுக்குத் தோட்டாவைத் தள்ளுகிற போல்ட்டு வலப்பக்கம், இன்னொன்றுக்கு இடப்பக்கம். வலப்பக்கத்தது மூவாயிரத்து நானூறு டாலர். இடப்பக்கத்தது ஆறாயிரத்து எண்ணூறு. ஏனம்மா இப்படி அநியாயம் என்று கேட்டால், இடதுகைக்கு வருசத்துக்குக் கொஞ்சம்தான் செய்கிறார்கள், அதையும் உயர்ந்த வால்நட் கட்டையில்தான் செய்கிறார்கள், மலிவில் செய்தால் கட்டுபடியாகாதாம். அதாவது பீச்சாங்கைக்காரனாய்ப் பிறந்ததற்கு அபராதம். சின்ன வயதில் முதுகில் வாங்கினோம், இப்போது கார்டில் வாங்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா இதற்குள் ரூபாயில் போட்டுப் பார்த்துவிட்டார். “மூணு லட்சத்துக்கு மேல வருதே சாமி, ஊர்ல ஒரு போர்க்கெணறே போட்டுரலாமே.” காங்கேயத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து இரண்டு மாசமாகிறது, பால் பாக்கெட்டிலிருந்து முடி வெட்டுகிற கூலி வரைக்கும் எதைப் பார்த்தாலும் ரூபாய்தான். போட்டுக்கொள்ளட்டும். எவன் வேண்டாமென்றான்.

சந்தோசமாச் சாவுமா. நாக்கில் ஒட்டிக்கொண்ட நார் மாதிரி அது போகவே மாட்டேன் என்கிறது. சந்தோசமாக எதுவும் சாகாது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் சீக்கிரம் சாகலாம், மெதுவாகவும் சாகலாம், அந்த வித்தியாசத்தைப் போன மே மாசம் அவன் கண்ணால் பார்த்தான். இந்த நாட்டில் மான் எவனோ கப்பலில் கொண்டுவந்து விட்டது, பெருகிப்போய்க் காட்டை மொட்டையடிக்கிறது, உரிமம் வைத்திருக்கிறவன் சுடலாம். மாட்டுப் பண்ணையில் கூட வேலை பார்க்கிற கிரெய்க்தான் அவனை முதலில் கூட்டிக்கொண்டு போனான், தன்னுடைய பழைய துப்பாக்கியையும் கொடுத்தான். வலதுகைத் துப்பாக்கி. அன்றைக்கு ஒரு பெட்டை மான் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது, சரியாக நின்றது, அவன்தான் சரியாகச் சுடவில்லை. வயிற்றில் பட்டது. உடனே இரண்டாவது வெடி வைத்திருக்க வேண்டும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவன் விசையிலிருந்து இடது கையை எடுத்து, தொலைநோக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் எட்டி, போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கி, திரும்பக் கையைக் கொண்டுவந்து விசையில் வைப்பதற்குள் துப்பாக்கி தோளைவிட்டு நழுவிவிட்டது, மான் புதருக்குள் போய்விட்டது. மூன்று விநாடி. வலதுகைக்காரனுக்கு ஒரு விநாடி. அந்த இரண்டு விநாடிக்காக மத்தியானம் பூராவும் மழையில் இரத்தத்தைத் தேடிக்கொண்டு நடந்தார்கள். கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தது, கால்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இவன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கிரெய்க் இவனைக் கேட்காமல் தானே முடித்தான். திரும்பி வந்து வண்டியைவிட்டு இறங்குகிறபோது, உனக்கு உன் கைக்கான துப்பாக்கி வேண்டும், அதுவரைக்கும் என்னோடு வராதே என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். அந்தக் கறியை அப்பா வந்ததும் பெண்டாட்டி கோகிலா குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஆட்டுக்கறி மசாலா போட்டு வறுத்தாள், இன்னும் கொஞ்சம் வை அம்மிணி என்று வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடுகிறபோது எந்தக் கை சுட்டது என்று கேட்டாரா? கேட்கவில்லை. விலையைச் சொன்னவுடன் மட்டும் மான்மேல் கரிசனம் பொங்குகிறது.

எடுத்துப் பார்த்தான், இடதுகைத் துப்பாக்கியை. அப்பா ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். தோளில் வைத்தவுடன் கன்னம் தானாகக் கட்டையில் போய்ப் பதிந்தது, இடது கண் தானாகத் திறந்து வலது கண் தானாக மூடியது, கை போல்ட்டைத் தேடவே இல்லை, போல்ட்டு கையில் வந்து உட்கார்ந்தது. தூக்கினான், இழுத்தான், தள்ளினான், அமுக்கினான். எண்ணெய் போட்ட சத்தம். இன்னொருமுறை. இன்னொருமுறை. நாற்பத்தாறு வருசத்தில் அவன் கையைப் பார்த்து முகத்தைச் சுளிக்காத முதல் சாமான் இதுதான். கத்திரிக்கோல் சுளித்திருக்கிறது, கதிர் அரிவாள் சுளித்திருக்கிறது, ஒண்ணாங்கிளாஸ் சிலேட்டு சுளித்திருக்கிறது, பந்தியில் பரிமாறப் போனால் இலைக்குமுன் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் அத்தனை பேரும் சுளித்திருக்கிறார்கள், ஏன்டா இந்தக் கையில சோத்தப் போடறே, எங்க வச்சுக் கழுவுன கை அது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவனுக்குத்தான் ஒன்றும் மறக்க மாட்டேன் என்கிறது. “அந்த வலதுகைது பாதி வெலைதானே சாமி, நாலு நாளு தூக்கிப் பழகுனா வந்துட்டுப் போவுது” என்கிறார் அப்பா, எங்கேயோ சுவரில் மாட்டியிருக்கிற கொம்புகளைப் பார்த்துக்கொண்டு. பழகுனா. ஐயோ, அந்த வார்த்தையை மட்டும் இவர் வாயால் கேட்கக்கூடாது. காதுக்குள் யாரோ கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது. மீண்டும் போல்ட்டை இழுத்தான், தேவைக்குமேல் ஓங்கித் தள்ளினான், துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஆறு வயது. தெய்வாத்தாள் அத்தைக்கு நிச்சயம். அப்பாவின் ஒரே தங்கச்சி, இவனைத் தூக்கி வளர்த்தவள், அரக்குச் சேலையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். தாராபுரம் பக்கத்திலிருந்து இரண்டு வண்டியில் வந்திருந்தார்கள். தாம்பாளத்தை எடுத்துக்கிட்டுப் போயி மாப்பிள்ளையோட அப்பாருக்கு வெத்தல குடுறா தங்கம் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, அம்மாவா, பெரியம்மாவா, சொன்னவர்களை யாரும் அப்புறம் கேட்கவில்லை. தட்டு கனம். அதை வலது கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டான், விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு, மற்ற கையால் வெற்றிலையை எடுத்து நீட்டினான். ஆறு வயசுப் பிள்ளை, தட்டைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குச் சபாஷ் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அந்த ஆள் கையை நீட்டவே இல்லை. வெற்றிலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பேச்சு நின்றது. ஒருத்தர் தும்மினார். அப்பா ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டார், வெற்றிலை ஜமக்காளத்தில் சிதறியது, அது இன்னும் பெரிய அபசகுனமாகிவிட்டது. காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். சம்பந்தம் போச்சு. ஊரே பேசியது, செங்கோட்டுவேலு கையால முறிஞ்ச கல்யாணம். அத்தை மட்டும்தான் அன்றைக்குச் சாயங்காலம் அவனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள், அவனுகளுக்கு நகை பத்தலடா, எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு உக்காந்திருந்தானுக, உன்ற கை கெடச்சுது. வாழ வேண்டியவளே அப்படிச் சொன்னாள். இரண்டு வருசம் கழித்து அவளுக்கு ஈரோட்டில் நல்ல இடமாக அமைந்து மூன்று பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறாள். அப்புறம் யாருக்கு என்ன நட்டம்?

அவனுக்குத்தான் நட்டம். மறுநாள் காலையில் அப்பா பழைய துண்டைக் கிழித்தார், இடது மணிக்கட்டை முதுகுப்பக்கம் கொண்டுபோய் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து படுக்கப் போகிற வரைக்கும், அந்த ஆவணியிலிருந்து அடுத்த ஆவணி வரைக்கும். அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், அடித்தது வாத்தியார்தான், அப்பா கட்டுகிறபோது மெதுவாகத்தான் கட்டுவார், வலிக்குதா சாமி என்று கேட்டுக்கூட இருக்கிறார், அதுதான் இன்னும் எரிகிறது. கொசு கடித்தால் சொறிய முடியாது. சட்டை பொத்தானைப் போட முடியாது. சோளக்காட்டு வரப்பில் பிள்ளைகளோடு ஓடித் தடுக்கியபோது எந்தக் கை முன்னால் வந்து தாங்க வேண்டுமோ அந்தக் கை முதுகில் கிடந்தது, முகம்தான் போய்த் தரையைத் தாங்கியது, முன்பல் பாதி போனது. அதற்கும் அப்பா, பார்த்து ஓட வேண்டாமா என்றார். பார்த்து ஓட வேண்டுமாம்! கட்டினவன் யார், விழுந்தவன் யார், புத்தி யாருக்கு! இத்தனை வருசம் இந்தச் சண்டையை அவன் எத்தனை முறை போட்டிருப்பான், பால் கறக்கிற கொட்டகையில், காரில், குளிக்கிறபோது, எல்லாம் தலைக்குள்ளே, எல்லாவற்றிலும் இவன்தான் ஜெயிப்பான், எதிரே அப்பா வாயடைத்து நிற்பார். நேரில் பார்த்தால் எழுபத்துநாலு வயசு, சர்க்கரை, ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றும் குளிர்கிறது, விமானத்தில் வருகிறபோது அவனுக்காக நிலக்கடலை கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களே என்று இரண்டு நாள் புலம்பியவர். இவரிடம் என்னத்தைப் போட்டுச் சண்டை பிடிப்பது. ஆனால் அந்த நிலக்கடலைக்காக எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியவில்லையே.

சரி, ஆறாயிரத்து எண்ணூறு. பண்ணையில் விடிகாலைக் கறவை எத்தனை மாசம் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்தினான், அந்தக் கணக்கு அப்பாவின் கணக்கு. கோகிலா காலையில் சொன்னாள், “உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கறதுக்கு இத்தன பஞ்சாயத்தா? வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா விடுங்க, என்னக் கேக்காதீங்க.” அவள் சொல்வது சரிதான். ஆனால் நிஜமாகவே இந்தத் துப்பாக்கிக்கு இந்த விலை தகுமா, இல்லை, இந்தக் கிழவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக, அவர் கண்முன்னால் அந்தக் கைக்கு இரட்டிப்பு விலை கொடுத்துக் காட்ட வேண்டும் என்பதற்காக வாங்குகிறானா? அதற்காகவென்றால் இது துப்பாக்கி இல்லை, மூன்று லட்ச ரூபாய்க்கு வீம்பு. வாங்கியே ஆக வேண்டுமென்றால் போன வாரம் தனியாக வந்திருக்கலாமே, ஏன் இவரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தான்? அதைவிட மோசமான ஒன்று அடியில் கிடக்கிறது, அதைத் தொடுவதற்கே கூசுகிறது. இதிலும் தப்பினால்? இதே மாதிரி ஒரு மான், இந்த வழவழப்பான கட்டை, கையில் தானாக வந்து உட்காருகிற போல்ட்டு, அப்போதும் வயிற்றில் பட்டால்? இதுவரைக்கும் குற்றம் சொல்வதற்குக் கிரெய்க்கின் பழைய துப்பாக்கி இருந்தது. வாத்தியார் இருந்தார், கிழவிகள் இருந்தார்கள், அப்பா இருந்தார். இதை வாங்கிவிட்டால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அந்தக் கையே உதவாத கை என்று ஆகிவிடும், அப்பா கட்டினது சரி என்று ஆகிவிடும். அந்த எண்ணம் வந்ததும் துப்பாக்கியைத் திரும்பப் பச்சைத் துணிமேல் வைத்தான். வலதுகைத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போய்விடலாம். பாதி விலை, பழைய சாக்கு, கடைசி வரைக்கும் கோபித்துக்கொண்டே இருக்கலாம். சீ, என்ன பிழைப்பு இது.

ஹேசல் திரும்பி வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, முதலில் இங்கே ஒரு கையெழுத்து, அப்புறம் எந்தத் துப்பாக்கியோ அதன் எண்ணை நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு படிவத்தை நீட்டினாள். செங்கோட்டுவேலு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்த பிறகுதான் அவள் சிரிப்பதைப் பார்த்தான். “இடதுகைத் துப்பாக்கி கேட்டீர்கள், வலது கையால் எழுதுகிறீர்களே! இவ்வளவு அழகான கையெழுத்தை நான் இந்தக் கடையில் பார்த்ததே இல்லை.” அவன் குனிந்து பார்த்தான். பேனா சோத்தாங்கையில்தான் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. எழுதுவது அந்தக் கை, சாப்பிடுவது அந்தக் கை, ஆளுக்குக் கை கொடுப்பது அந்தக் கை. கட்டி வைத்த ஒரு வருசத்தில் எல்லாம் மாறிவிட்டது, எல்லாமே. துப்பாக்கி மட்டும்தான் மிச்சம், அதுவும் ஏன், ஆறு வயசுப் பையன் கையில் யாரும் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அதையும் திருத்தியிருப்பார்கள். இத்தனை பெரிய கோபமும் ஒரு தோள், ஒரு கண், இரண்டு விரலுக்காகத்தானா?

“என்ன சிரிக்கறா அந்தப் புள்ள?” என்றார் அப்பா.

“பீச்சாங்கைக்காரன்னு சொல்லிட்டுச் சோத்தாங்கைல கையெழுத்துப் போடறனாம். கையெழுத்து ரொம்ப அழகா இருக்குதாம்.”

அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “அது நான் பழக்குனதுன்னு சொல்லு சாமி. சொல்லு அவகிட்ட.”

சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னான், நிறுத்தாமல் சொன்னான். என் அப்பாதான் பழக்கினார், ஆறு வயதில் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவைத்தார், ஒரு வருசம், கீழே விழுந்து பல் உடைந்தது, அப்படித்தான் இந்தக் கையெழுத்து வந்தது. பெண்டாட்டியிடம்கூட முழுதாகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கடை மேசையில் வைத்துக் கொட்டினான். ஹேசலின் சிரிப்பு நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவளைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். அதைப் பார்க்கப் பார்க்கச் செங்கோட்டுவேலுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அட கோழைப்பயலே, இவருக்குப் புரியாத பாஷையில் சொல்லிவிட்டு வீரம் பேசுகிறாயா?

“நல்லாச் சொன்னியா? அவ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறா?”

“என்ற கையக் கட்டிப்போட்டீங்கன்னு சொன்னனுங்ப்பா. ஒரு வருசம் கட்டிப்போட்டீங்க, பல்லு போச்சுன்னு சொன்னேன். அதான் அவ பேசல.”

அப்பா அவனைப் பார்த்தார். கோபம் வருமென்று நினைத்தான், அழுகை வருமென்றுகூட நினைத்தான். இரண்டும் வரவில்லை. “ஆமா, கட்டுனேன். கட்டாம எப்பிடிப் பழகும்?” என்றார், மழை பெய்யாமல் எப்படி முளைக்கும் என்று கேட்கிறவர் மாதிரி.

“ஏனுங்ப்பா, முப்பது வருசம் மாடு பூட்டி உழுதீங்களே. ஏர்ல இடத்து மாட்ட ஒருநாளாச்சும் வலத்துல பூட்டியிருக்கீங்களா? அதுக்கு அந்தப் பக்கந்தான் வரும்னு விட்டீங்கல்ல?” குரல் கடை முழுக்கக் கேட்டது, துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மறுபடியும் திரும்பினார். “மாட்டுக்குப் பாத்தது எனக்குப் பாக்க வேண்டாமா?”

அப்பா நிஜமாகவே யோசித்தார். குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்து, சரியான பதிலைக் கண்டுபிடித்துத்தான் சொன்னார். குத்திக்காட்டுகிற தொனியே அதில் இல்லை.

“மாத்திப் பூட்டுனா அது படுத்துக்கும் சாமி. வாலைக் கடிச்சாலும் எந்திரிக்காது. வேற வழியில்லாமத்தான் விட்டோம்.” அவன் கைகளைப் பார்த்தார். “நீ படுக்கலியே.”

ஹேசல் பேனாவைப் படிவத்தின் காலிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், எந்த எண்ணை எழுதட்டும் என்று மெதுவாகக் கேட்டாள். செங்கோட்டுவேலு அப்பாவைப் பார்க்கவில்லை. விலையை மறுபடி யோசிக்கவும் இல்லை. இடதுகைத் துப்பாக்கியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அவள் அதைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.